நீதிமன்றம் செல்லும் மனநல மருத்துவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவராகச் சேர்ந்த சில ஆண்டுகளில், ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியாக வரும்படி எனக்குச் சம்மன் வந்தது. சம்பவம் நடந்து ஏழு மாதங்கள் கழித்துத்தான் அந்த மனிதரை நான் பரிசோதித்திருந்தேன். மனச்சிதைவு நோய் உள்ளது, சிகிச்சை தொடர வேண்டும் என்று இரண்டே வரியில் சான்று கொடுத்திருந்தேன். குறுக்கு விசாரணையில் அரசு வழக்கறிஞர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சம்பவம் நடந்த நேரத்தில், தான் செய்வது இன்னதென்று இவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் தாயார் வெளியே வராந்தாவில் ஒரு மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்பவத்துக்கு முந்தைய மாதங்களின் மருந்துச் சீட்டுகள் அதற்குள் இருந்தன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

நோய் இருக்கிறது என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவாகவும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாகவும் உள்ள விதி, செயலைச் செய்த அந்த வேளையில் அதன் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய இயலாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்ததா என்றே கேட்கிறது. சம்பவ நேரத்து மனநிலையே முக்கியம், அதற்கு முன்னும் பின்னும் குற்றம் சாட்டப்பட்டவர் நடந்துகொண்ட விதத்தைக் கொண்டே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964-லேயே தெளிவுபடுத்திவிட்டது. மாதக்கணக்கில் பின்னோக்கிப் போய் ஒருவரின் மனத்தைக் கணிக்கும் இந்த வேலை, புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் நாம் செய்யும் வேலை அல்ல; வழக்குகளில் ஒருவரின் மனநிலையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் தடயவியல் மனநலம் என்ற தனித் துறையின் வேலை.

விசாரணையை எதிர்கொள்ளும் தகுதி ஒருவருக்கு உண்டா என்பதையும் மருத்துவரே ஆராய்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அஸ்ஸாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். 1967-இல் குணமாகிவிட்டதாக மருத்துவர்கள் தெரிவித்தும், 2005-இல்தான் வெளியே வந்தார். விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள்! அறிக்கை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாமல், நீதிமன்றத்தை விடாமல் தொடர்வதும் இத்துறையின் பணிதான்.

அமெரிக்காவில் மனநல மருத்துவப் பயிற்சியை முடித்தவர்கள் தடயவியல் மனநலத்தில் தனியாக ஓராண்டு பெல்லோஷிப் எனப்படும் மேற்பயிற்சி பெறுகிறார்கள். பிரிட்டனில் இது தனிச் சிறப்புத் துறை. நம் அருகில் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸிலும் எம்.டி. முடித்தவர்களுக்கு இத்துறையில் பயிற்சி தரப்படுகிறது. 1794-ஆம் ஆண்டு முதல் வரலாறு உள்ள கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, புழல் மத்தியச் சிறை, உயர் நீதிமன்றம் மூன்றும் ஒரே நகரத்தில் அமைந்திருக்கும் சென்னைக்கு இது கைக்கெட்டிய காரியம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் கீழ்ப்பாக்கத்தை மையமாக வைத்து ஓராண்டு பெல்லோஷிப்பை நடத்த வேண்டும்.

அந்த ஓராண்டு வகுப்பறையிலேயே கழிந்துவிடக் கூடாது. வாரம் ஒரு நாள் சிறையில் விசாரணைக் கைதிகளைப் பார்க்க வேண்டும். மூத்தவரின் மேற்பார்வையில் அறிக்கை எழுத வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் குறுக்கு விசாரணை செய்ய, கூண்டில் நின்று பழக வேண்டும். 'நீங்கள் என்னிடம் சொல்வது நீதிமன்றத்துக்குப் போகும்' என்று பரிசோதனைக்கு முன்பே கைதியிடம் சொல்லிவிடும் நேர்மையும் பழகித்தான் வரும். சிகிச்சை தரும் மருத்துவரும் மதிப்பீடு செய்யும் மருத்துவரும் ஒருவராகவே இருப்பது எவ்வளவு சிக்கலானது என்பதை அனுபவித்தவன் நான். நோயாளி போல நடிப்பவரைக் கண்டுகொள்ள, இரவுப் பணிச் செவிலியரின் குறிப்பேடு பல சமயம் நம் அரை மணி நேரப் பேட்டியைவிட அதிகம் உதவும். அதைப் படிக்கவும் கற்றுத்தர வேண்டும்.

ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. பயிற்சி முடித்தவர்களை இத்தகைய இடங்களிலேயே பணியமர்த்த வேண்டும். பொதுப் பணியிடத்துக்கு மாற்றிவிட்டால் கற்றது வீணாகிவிடும். சுகாதாரத் துறையும் சிறைத் துறையும் கலந்துபேசி, வரும் கல்வியாண்டிலேயே நான்கு பயிற்சி இடங்களோடு இந்தப் பெல்லோஷிப்பைத் தொடங்க ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மனநல மருத்துவர்,
அண்ணா நகர், சென்னை.