திருடியது என் விரல்

ஆசிரியருக்கு,

உண்மைத் துயரங்களை வீடியோ கேம் ஆக்குவது கலையா, சாவை வைத்துக் காசு பார்ப்பதா என்று பலர் கேட்கிறார்கள். 'திஸ் வார் ஆஃப் மைன்' விளையாடிய பிறகு எனக்கு அந்தச் சந்தேகம் போய்விட்டது. 2014-இல் போலந்தில் உருவான அந்த கேமின் கரு, 1992 முதல் 1996 வரை நீடித்த, போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் முற்றுகை. இதில் நாம் போர்வீரன் இல்லை. இடிந்த வீட்டில் பசியோடு ஒளிந்திருக்கும் சாதாரண சனங்கள்.

கேமில் ஓர் இரவு, மருந்து தேடி வயதான தம்பதியின் வீட்டுக்குள் நுழைந்தேன். பெரியவர் எதிர்க்கவில்லை. பின்னாலேயே வந்து, எடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். எடுத்தேன். திரும்பி வந்த என் ஆள் மனமொடிந்து போனான். அன்றைக்கு எனக்கும் தூக்கம் வரவில்லை. சினிமாவில் பார்த்திருந்தால் திருடனைத் திட்டியிருப்பேன். இங்கே திருடியது என் விரல்.

சரி, எல்லா கேமும் இப்படியா? இல்லை. கொலைக்குப் புள்ளி தருகிறவைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இதே கேமைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக 2020-இல் போலந்து அரசே அறிவித்தது. படத்துக்கும் புத்தகத்துக்கும் விமர்சனம் வெளியிடும் தாங்கள், இத்தகைய கேம்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், திருச்சி