எறும்பு மொய்த்தபோதே கவனித்திருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் சர்க்கரை நோய்க் கட்டுரை படித்தேன். தொப்பை, நடைப்பயிற்சி, வெந்தயம் எல்லாம் இருந்தது, குழந்தைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. படுக்கையை நனைப்பதை எப்போதோ விட்டிருந்த பையன் திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தான், ராத்திரி எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தான், டவுசர் இடுப்பில் நிற்காமல் தங்கை ஊக்கு குத்தி அனுப்புவாள். வெயில் காலம்தானே என்று இருந்துவிட்டோம். பாத்ரூமில் எறும்பு மொய்த்தது, அதற்கும் எறும்புப் பொடிதான் தூவினோம். அப்புறம் வாந்தி, வயிற்றுவலி. பக்கத்து கிளினிக்கில் அஜீரணம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலை, ஓடி வந்தவன் மாதிரி ஆழமாக மூச்சு வாங்கினான், வாயில் ஒரு மாதிரி பழ வாசனை. பெரிய ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 540.

மிட்டாய் தின்று வந்ததில்லை இது (சொந்தக்காரர்கள் இன்னும் நம்புவதில்லை), டைப் 1 என்ற வகைச் சர்க்கரை நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கி இன்சுலின் இல்லாமல் செய்துவிடுகிறது. சர்க்கரையைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பைக் கரைக்க, அதில் வரும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்குகிறது. சர்க்கரையை உடனே இறக்குங்கள் என்று கெஞ்சினோம், டாக்டர் மெதுவாகத்தான் இறக்கினார். அவசரப்பட்டு இறக்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறும், அபூர்வமாக மூளையும் வீங்கும், அது உயிருக்கே ஆபத்து என்றார். நர்ஸ் மணிக்கொரு தரம் அவனை எழுப்பி கிளாஸ் டீச்சர் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தது அதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் காய்ச்சல். சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று பாட்டி தடுக்க, இரண்டு வேளை இன்சுலின் போடவில்லை, மறுபடி ஐசியூ. காய்ச்சலில் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம், அடியோடு நிறுத்தவே கூடாதாம். இன்சுலின் போடும் பிள்ளைக்குச் சர்க்கரை 70க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கினால் உடனே குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஆனால் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இத்தாலியின் பார்மா நகரத்தில் 1990களில் பள்ளிகளிலும் டாக்டர்களின் கிளினிக்குகளிலும் இதற்காகவே போஸ்டர் ஒட்டினார்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், திடீரென்று படுக்கையை நனைப்பது, இவ்வளவுதான் அதன் செய்தி. அதற்குப் பிறகு கீட்டோன் முற்றிப்போய் வரும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். நம் அங்கன்வாடிச் சுவரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்கள் பின் அட்டையில் ஒரு தடவை போடுங்களேன், கிழித்து நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

ஒரு வாசகி,
தென்காசி