குளச்சலிலும் இருக்கிறது உலக வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரியில் நவீன உலக வரலாறு படிக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகள் பலர், 1789 பிரெஞ்சுப் புரட்சி முதல் ஆண்டுகளை மனப்பாடம் செய்தே தேர்வை முடிக்கிறார்கள். வழிகாட்டி நூலைத் தாண்டாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது. பெரிய வருத்தம் இது. ஏனென்றால் உலக வரலாறு வந்து இறங்கிய கரை நம்முடையது.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, மிளகு வணிகத்துக்காக மோதி 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றது. பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலையும் சொல்ல வேண்டும். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து கிடைக்கும் தோரியம், ஐரோப்பிய வாயு விளக்குகளில் ஒளிரும் வலையான மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. அணுயுகம் வந்ததும், அணு எரிபொருளாகப் பயன்படக்கூடிய அதே தோரியத்தின் மதிப்பே வேறாகிவிட்டது. காலனிய வணிகத்தையும் போருக்குப் பிந்தைய அணு அரசியலையும் அந்தக் கடற்கரையில் நின்றே மாணவர்களுக்கு விளக்கலாம்.

எனவே, பருவத்துக்கு ஒரு களப்பயணமும் அதுபற்றி மாணவர் சொந்தமாக எழுதும் கட்டுரையும் அகமதிப்பீட்டில் சேர வேண்டும். இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரிகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்ல வேண்டும். திருவிதாங்கூர் அரசின் பழைய பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன.

– வரலாற்று மாணவி ஒருவரின் தந்தை,
தக்கலை.