புகார்: ‘வீட்டுப் புள்ளி’ என்று தமிழில் எழுதியதால் நடந்த விபத்து

அனுப்புநர்:
சந்தூர் பகுதி மா விவசாயி,
போச்சம்பள்ளி வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 10.03.2025

பொருள்: கேமரா ட்ரோனின் தமிழ் வழிமுறைகளில் உள்ள தவறுகளால் நேர்ந்த விபத்து, வாரண்டி மறுப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜனவரி 6-ம் தேதி தங்களிடம் 249 கிராம் எடையுள்ள மடக்கு வகை கேமரா ட்ரோன் ஒன்றை 48,500 ரூபாய்க்கு வாங்கினேன். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை மாலை அது இறங்கக் கூடாத இடத்தில் இறங்கி, ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் வலது கை விரலைக் கிழித்துவிட்டது. மூன்று தையல் போட வேண்டியிருந்தது. ட்ரோனும் கல்லில் மோதி, கேமரா தாங்கி உடைந்து கிடக்கிறது. வாரண்டியில் சரிசெய்து தரக் கேட்டேன். ‘இயக்கியவரின் தவறு’ என்று பிப்ரவரி 24-ம் தேதி பதில் அனுப்பி, 21,400 ரூபாய் கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்ததை முழுதாகப் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

எனக்கு ஆறு ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. மா பூவெடுக்கும் காலத்தில் எந்த மரத்தில் பூ நன்றாக வந்திருக்கிறது, எங்கே தத்துப்பூச்சி விழுந்து இலை கறுக்கிறது என்பதெல்லாம் கீழே நின்று பார்த்தால் தெரியாது. உச்சிக் கிளைக்கு மேலே ஒரு கண் வேண்டும். அதற்காகத்தான் வாங்கினேன். சட்டத்தையும் விசாரித்துக்கொண்டுதான் வாங்கினேன். 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்டது நானோ வகை, அதை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கவிடலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் என் நிலம் பச்சையில்தான் இருக்கிறது. நான் ஒரு நாளும் 200 அடிக்கு மேலே ஏற்றியதில்லை.

வேறு சில கம்பெனிகளின் ட்ரோன்களும் கண்ணில் பட்டன. தங்களுடையதை எடுத்ததற்குக் காரணம் விளம்பரத்தில் இருந்த ஒரு வரி: ‘முழுக்க முழுக்கத் தமிழிலேயே இயக்கலாம்’. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அவசரத்தில் அர்த்தம் பிடிபடாது. பறக்கிற பொருளை அவசரம் இல்லாமல் ஓட்ட முடியாது. அதனால் அந்த வரியை நம்பினேன்.

இப்போது விபத்து நடந்த அன்றைக்கு வருகிறேன்.

மாலை ஐந்து மணி இருக்கும். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், மரத்தடி நிழலில் ட்ரோனை வைத்து ஆன் செய்தேன். திரையில் மஞ்சள் எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது: ‘ஜிபிஎஸ் சமிக்ஞை பலவீனம். எச்சரிக்கையுடன் கழற்றவும்.’ எதைக் கழற்றுவது? பேட்டரியைத்தான் சொல்கிறது என்று நினைத்து, அணைத்து, பேட்டரியைப் பத்திரமாகக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன். மறுபடியும் அதே வரி. சொன்னதைச் செய்துவிட்டோமே என்று ட்ரோனை மேலே ஏற்றினேன்.

அது மரங்களைத் தாண்டி மேலே போய், தோப்பை ஒட்டிய மண் ரோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தபோது, ‘வீட்டுப் புள்ளி புதுப்பிக்கப்பட்டது’ என்று ஆப் தமிழில் சொன்னது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால், கணக்கு தொடங்கிய அன்றைக்கே ஆப் என் வீட்டு முகவரியைக் கேட்டு வாங்கியிருந்தது. அந்த முகவரியைத்தான் இப்போது சரிபார்த்துக்கொள்கிறது என்று புரிந்துகொண்டேன். பேட்டரி தீரப்போனால் ‘வீட்டிற்குத் திரும்பு’ என்பது தானாகவே வேலை செய்யும் என்று போட்டிருந்தீர்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் ‘சார்ஜ் தீர்ந்தா அதுவே எங்க வீட்டுக்குப் போயிடும்’ என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பதினெட்டு நிமிடம் போல ஓட்டியிருப்பேன். பேட்டரி குறைந்ததும் ட்ரோன் தானாகத் திரும்பியது. மண் ரோடும் என் வீடும் ஒரே திசையில்தான் இருக்கின்றன. வீட்டுக்குப் போகிறது என்று நினைத்து ரிமோட்டைக் கையில் வைத்தபடி சும்மா நின்றிருந்தேன். அது ரோட்டுக்கு மேலே நின்றது, நேராகக் கீழே இறங்கத் தொடங்கியது. கீழே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் ஒரு பையன் அதைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டான்.

அவன் அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். ஓடி வந்து, விரலைத் துணியால் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, “ஏண்ணா, அது உங்க வீட்டுக்குத்தானே போகும்னு சொன்னீங்க?” என்று கேட்டார். என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் வந்தாள். போனின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, அதே ஆப்பை அதே திரைகளோடு எனக்குப் படித்துச் சொன்னாள். அப்போதுதான் தெரிந்தது. ‘கழற்றவும்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஆங்கிலத்தில் இருப்பது டேக் ஆஃப், அதாவது தரையிலிருந்து கிளம்புவது. ‘வீட்டுப் புள்ளி’ என்பதற்கும் என் வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ட்ரோன் தான் இருக்கும் இடத்தை அறியத் தேவையான அளவு ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளை முதலில் எங்கே பிடிக்கிறதோ, அந்த இடத்தைத்தான் திரும்பி வரும் இடமாகப் பதிந்துகொள்கிறது. பொறுமையாகக் காத்திருந்து கிளம்பினால் அது கிளம்பிய இடமாகவே இருக்கும். மரத்தடியில் சாட்டிலைட் கிடைக்காமல் மேலே போனதால், நடு ரோட்டுக்கு மேல் பறக்கும்போது பதிந்துகொண்டது. அதனால்தான் நடு ரோட்டில் இறங்கியது. இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

தங்கள் பதிலில், ‘பறப்புப் பதிவின்படி, போதுமான ஜிபிஎஸ் இல்லாமலே ட்ரோன் கிளப்பப்பட்டுள்ளது’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பதிவை நான் மறுக்கவில்லை, அது உண்மை. நான் கேட்பது, ஜிபிஎஸ் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியும்படி எந்த இடத்தில் சொன்னீர்கள் என்பதுதான். சொன்னது ‘கழற்றவும்’. நான் கழற்றினேன்.

என் பக்கத்தில் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆள் நடமாட்டம் உள்ள பாதையின் ஓரத்தில் நான் பறக்கவிட்டிருக்கக் கூடாது. ட்ரோன் இறங்கும் வரை கண்ணும் கையும் அதன் மேலேயே இருந்திருக்க வேண்டும். பையனின் மருத்துவச் செலவையும் அவன் அம்மாவுக்குப் போன நாலு நாள் கூலியையும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். என் பங்கை நான் ஏற்றுக்கொண்டதைப் போல உங்கள் பங்கை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

தமிழில் உள்ள தவறு இந்த இரண்டு வார்த்தைகளோடு நின்றுவிடவில்லை. ஜனவரி கடைசியில் ‘கவராயம் பிழை’ என்று வந்தது. கவராயம் என்றால் பள்ளிக்கூடத்தில் வட்டம் போடுவதற்குப் பிள்ளைகள் வைத்திருப்பது. நீங்கள் சொல்ல வந்தது திசைகாட்டி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘காம்பஸ்’ என்ற ஒரே வார்த்தைதான். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். தமிழ் பேசுபவர் யாரும் கிடைக்கவில்லை. திறந்த வெளிக்குப் போய் ட்ரோனைச் சுழற்றுங்கள் என்ற அளவுக்கு மட்டும் புரிந்தது. எங்கள் வீட்டில் திறந்த வெளி என்றால் மொட்டை மாடி, அங்கே போய்ச் சுழற்றினேன். பிழை போகவில்லை, இன்னும் மோசமானது. கம்பி கட்டிய கான்கிரீட்டின் மேலும் வண்டிக்குப் பக்கத்திலும் இதைச் செய்யாதீர்கள், இரும்பு திசைகாட்டியைக் குழப்பிவிடும் என்று ஆங்கிலக் கையேட்டில் தெளிவாக இருக்கிறதாம். தமிழ்க் கையேட்டில் அந்த வரியே இல்லை.

பேட்டரி பகுதியில் ‘சேமிப்பு நிலை’ என்று ஒன்று இருக்கிறது. சார்ஜை மிச்சம் பிடிக்கும் வசதி என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். பல நாள் ஓட்டாமல் வைக்கும்போது பேட்டரியை முழு சார்ஜில் வைக்கக் கூடாது, பாதிக்குச் சற்று மேலே வைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருளாம். லித்தியம் பேட்டரி வெயிலில் உப்பினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. சித்திரை வெயில் வரப்போகிறது. கிருஷ்ணகிரியில் எத்தனை வீட்டில் தங்கள் பேட்டரி முழு சார்ஜில் பீரோ மேலே கிடக்கிறதோ தெரியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறக்கை மாட்டுவதில் நான் ஒரு முறைகூடத் தப்பு செய்யவில்லை. நாலு இறக்கையில் எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரு ஜோடி, எது எங்கே போகும் என்று படம் போட்டு, கோடு போட்டுக் காட்டியிருந்தீர்கள். படத்தைப் பார்த்து மாட்டினேன், சரியாகச் சுற்றியது. எனக்குப் புரிந்துகொள்ளும் திறமை இல்லாமல் இல்லை. புரியும்படி சொன்ன இடத்தில் புரிந்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 84-வது பிரிவில், தீங்கு நேராமல் பயன்படுத்தும் முறையையும் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய எச்சரிக்கையையும் போதுமான அளவில் தராத தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழில் இயக்கலாம் என்று சொல்லி விற்றவர்களுக்குத் தமிழில் எழுதியதுதான் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் எழுதியது என்னைப் போன்றவனுக்கு எச்சரிக்கையாக ஆகாது.

நான் கேட்பது இவைதான். 21,400 ரூபாய்க் கட்டணத்தை ரத்து செய்து, ட்ரோனை இலவசமாகச் சரிசெய்து கொடுங்கள். பையனுக்கு ஆன செலவிலும் அந்த அம்மாவின் கூலியிலும் பாதியைத் தாருங்கள். ரசீதுகளை இணைத்திருக்கிறேன்.

அதைவிட முக்கியமாக, ஆப்பில் உள்ள தமிழை உடனே திருத்துங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. ‘கழற்றவும்’ என்று இருக்கும் இடத்தில், ‘ஜிபிஎஸ் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது பறக்கவிடாதீர்கள். வெட்டவெளிக்கு வந்து காத்திருங்கள்’ என்று போடுங்கள். ‘வீட்டுப் புள்ளி’ வேண்டாம். ‘ட்ரோன் திரும்பி வந்து இறங்கும் இடம் பதிவாகிவிட்டது. சரியான இடம்தானா என்று வரைபடத்தில் பாருங்கள்’ என்று போடுங்கள். திரும்பும்போது எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பதைப் பக்கத்தில் உள்ள தென்னை மரத்தையும் மின்கம்பத்தையும் பார்த்து, அதற்கு மேலே வைக்கச் சொல்லி முதல் பக்கத்திலேயே கேளுங்கள். இப்போது அது அமைப்புகளுக்குள் நாலாவது திரையில் ஒளிந்து கிடக்கிறது. தானாக இறங்குவதை எப்படி நிறுத்துவது என்பதையும் படம் போட்டுக் காட்டுங்கள். இறங்கும்போது, ட்ரோனை மேலே ஏற்றும் ரிமோட் குச்சியை மேல்நோக்கி முழுதாகத் தள்ளினால் இறங்குவது நிற்கும் என்று என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது மட்டும் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த விரல் தப்பியிருக்கும்.

திருத்தம் வரும் வரை, தமிழில் ஆப் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த நாலு விஷயத்தையும் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். இதை மட்டும் ஒரு வாரத்துக்குள் செய்யக் கேட்கிறேன்.

மற்றவற்றுக்கு ஒரு மாதம் காத்திருப்பேன். அதற்குள் சரியான பதில் வராவிட்டால், கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இந்த விலைப் பொருளுக்குக் கட்டணமும் இல்லை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதுவரை போக எனக்கு விருப்பம் இல்லை. மாங்காய் இறங்கும் காலம் வருகிறது, எனக்குத் தோப்பில் வேலை இருக்கிறது.

திருத்திய தமிழை வெளியிடுவதற்கு முன் எனக்கு அனுப்பினால், நானும் என் மகளும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, எங்கே தடுக்குகிறது என்று எழுதி அனுப்புகிறோம். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.

இணைப்பு: பில், தமிழ் மற்றும் ஆங்கிலத் திரைகளின் படங்கள், தங்கள் பதில், மருத்துவ ரசீதுகள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் ஆர்டர் எண்ணும் பில்லில் உள்ளபடி)