சத்தம் நின்றால் போதாது, வீடியோவே நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செய்தி படிக்கத் திறந்த பக்கத்தில் யாரும் கேட்காமலே வீடியோ ஓடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் சத்தத்தைத்தான் குறை சொல்கிறார்கள். சத்தத்துக்கு பிரவுசர்கள் ஏற்கெனவே கடிவாளம் போட்டுவிட்டன. 2017-ல் சஃபாரி 11, 2018 ஏப்ரலில் குரோம் 66, 2019 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் 66 என்று ஒவ்வொன்றாக, ஒலியோடு தானாக ஓடும் வீடியோவைத் தடுக்கத் தொடங்கின. ஆனால் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், ஒலியை அணைத்துவிட்டு வரும் வீடியோவுக்கு இந்த மூன்றிலும் தடையே இல்லை. படம் ஓடும், டேட்டாவும் கரையும். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் வரும் வீடியோ ஒரு நிமிடத்துக்கு 15 எம்பி இழுக்கும். அதில் ஒலிக்குப் போவது 1 எம்பி அளவுதான். மியூட் செய்வதால் காதுக்கு நிம்மதி, டேட்டாவுக்கு இல்லை.

படத்தையும் சேர்த்து நிறுத்த ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் வழி இருக்கிறது. முதலில் ஃபயர்பாக்ஸ். கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் பெர்மிஷன்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே ஆட்டோபிளே (தானாக ஓடுதல்) வரியைத் தேடுங்கள். அங்கே எல்லாத் தளங்களுக்குமான தேர்வை ‘பிளாக் ஆடியோ அண்ட் வீடியோ’ என்று மாற்றிச் சேமித்தால் போதும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிப் பகுதிக்குள் இதே ஆட்டோபிளே இருக்கிறது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது மட்டும் தடுக்கும் தேர்வும் அங்கே உண்டு. டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

மேக் கணினியின் சஃபாரியில் செட்டிங்ஸ், வெப்சைட்ஸ், ஆட்டோ-பிளே என்று போய் ‘நெவர் ஆட்டோ-பிளே’ என்று வைக்க வேண்டும். இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்தான்: மேலே தெரிவது அப்போது திறந்திருக்கும் தளங்களின் பட்டியல். அதில் மாற்றினால் அந்தத் தளத்துக்கு மட்டுமே பொருந்தும். அடியில் ‘மற்ற தளங்களுக்குச் செல்லும்போது’ என்ற பொருளில் இருக்கும் வரியையும் மாற்றினால்தான் எல்லா இடத்திலும் நிற்கும்.

குரோமில் படத்தை நிறுத்தும் தேர்வே கிடையாது. டேபின் மேல் ரைட் கிளிக் செய்து ‘மியூட் சைட்’ கொடுக்கலாம், அவ்வளவுதான். ‘நேற்றுவரை அமைதியாக இருந்த தளம் இன்று ஏன் சத்தம் போடுகிறது’ என்ற சந்தேகமும் குரோமில்தான் அதிகம் எழுகிறது. அது பழுதில்லை. அந்தத் தளத்தில் ஒரு முறை கிளிக் செய்தாலே சம்மதம் கொடுத்ததாகக் குரோம் எடுத்துக்கொள்கிறது. கணினிக் குரோமில் ஒரு மதிப்பெண் கணக்கும் ஓடுகிறது. 200-க்கு 140 பிக்ஸலைவிடப் பெரிய வீடியோவை, டேப் முன்னால் இருக்க, ஒலியோடு 7 நொடிக்கு மேல் பார்த்தால் அந்தத் தளத்துக்கு ஒரு மதிப்பெண் ஏறும். இப்படி மதிப்பெண் சேரச் சேர, கிளிக் இல்லாமலே ஒலியோடு தொடங்கும் உரிமை அதற்குக் கிடைத்துவிடும். முகவரிப் பட்டையில் ‘குரோம்://மீடியா-எங்கேஜ்மென்ட்’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் எந்தத் தளத்துக்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.

எல்லாவற்றையும் தடுத்தபின் ஒரு தொல்லை வரும். சில தளங்களில் பிளேயர் கருப்புத் திரையோடு சுற்றிக்கொண்டே நிற்கும். பிரவுசர் மறுத்ததைக் கவனிக்காமல், வீடியோ ஓடிவிட்டதாகவே அந்தத் தளத்தின் நிரல் நினைத்துக்கொள்வதுதான் காரணம். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையின் இடப்பக்கம் ஆட்டோபிளே குறி தெரியும். அதைத் தொட்டு அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், பொதுத் தடையை எடுக்க வேண்டாம். அசையும் ஜிஃப் படங்கள் இந்தத் தடைக்குள் வராது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தொடங்குவதும் வேறு விஷயம். அதற்கான பொத்தான் அந்தந்தத் தளத்தின் பிளேயரிலேயே இருக்கும்.

வாசகர் இவ்வளவு பாடுபட வேண்டியதே இல்லை, தளத்தை நடத்துபவர்கள் மனம் வைத்தால். பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் குரலைக் கேட்டுத்தான் பக்கத்தில் நகர்கிறார்கள். அதன்மேல் இன்னொரு குரல் ஏறினால், நிறுத்தும் பொத்தான் எங்கே என்று சொல்லும் குரலே அவர்களுக்குக் கேட்காது. தானாக 3 நொடிக்கு மேல் ஒலிக்கும் எதையும் நிறுத்தவோ, ஒலியைக் குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகல்தன்மை விதிகளில் 1.4.2-ஆம் விதி. மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் தானாக அசைவதற்கும் நிறுத்தும் வழி வேண்டும் என்பது 2.2.2-ஆம் விதி. இரண்டுமே அடிப்படை நிலையான ‘ஏ’ மட்டத்தைச் சேர்ந்தவை.

தளம் வடிவமைப்பவர்களுக்கு ஒன்று. வீடியோ குறிச்சொல்லில் ஆட்டோபிளே என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தால் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. அந்தச் சொல் அங்கே இருந்தாலே பிரவுசர் ‘ஓட்டு’ என்றுதான் புரிந்துகொள்ளும், சொல்லையே எடுத்துவிட வேண்டும். கூடவே பிரீலோடு (முன்கூட்டியே இறக்குதல்) என்பதை ‘நன்’ என்று வைத்து, வீடியோ தொடங்கும்வரை தெரியும் போஸ்டராக ஒரு நிழற்படத்தைக் கொடுங்கள். பார்க்க விரும்புபவர் அதைத் தொட்டு ஓட்டிக்கொள்வார். தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பைக் கவனிப்பவர்களிடமும் இதைச் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்