நீள மண்டபத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்பான உறவுகளே,

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் அதிபர் போன் எடுத்து, கூரை திருத்தின நம் பள்ளிக்கூடத்து நீள மண்டபத்துக்குள் ஒழுக்குக்கு ஒரு வாளிகூட வைக்கவில்லை என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் யாழ்ப்பாணமே சாவகச்சேரிப் பக்கம் வெளிக்கிட்டது. திரும்பி வந்தபோது மண்டபத்துக் கூரையில் பாதி இல்லை. தறப்பாளுக்குக் கீழே இருந்து படித்தோம், பிறகு அவசரத்துக்கு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டார்கள், அதுவே இத்தனை வருடம் கிடந்தது.

இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று பலர் சொன்னார்கள், பிழை சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும்தானே. ஆனால் சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ந்து கிடக்கும் அந்த முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவரை இடிக்க மனம் வரவில்லை. முன்பொருமுறை அதற்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. இதைக் கண்டுபிடித்தது எந்த அறிக்கையும் இல்லை, எங்கள் மேசன் ஐயாதான். சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, 'சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும் தம்பி' என்றார். நீற்றின சுண்ணாம்பைக் கிழமைக்கணக்கில் ஊறவைத்து, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, எழுபது வயதைத் தாண்டியவர் சாரத்தில் ஏறி நின்று பூசினார். ஐயா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்களிடம் வேலை பழகிய மூன்று பெடியன்களுக்கும்.

அனுமதி எடுத்து இரண்டு முதிர்ந்த பனைகளைத் தறித்துத் தந்த வளவுக்காரருக்கும், மரத்தின் வைரம் பார்த்துக் கூரைக்கு வளையும் சிலாகையும் சீவிய தச்சர்மாருக்கும், உடைந்த வீடுகளில் கிடந்த பழைய ஓடுகளைக் கழுவித் தந்த குடும்பங்களுக்கும் கைகூப்புகிறேன். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வந்து சாய்வுப் பாதைக்கு அளவு போட்டார்கள். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையை இனி யாரும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை, அது எனக்குக் கூரையைவிடப் பெரிய விசயம். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கழற்றியவர்கள் தூசி பறக்காமல் தண்ணீர் நனைத்து, உடைக்காமல், முகமூடியோடு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று தெரிந்து, பொறுமையாகச் செய்த வேலை.

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் பழைய மாணவர்களே, 2022இல் சீமெந்து, கம்பி, வயர் எல்லாம் விலை ஏறி வேலை நின்றுபோன நேரம், 'நிப்பாட்டாதேங்கோ' என்று முதலில் சொன்னது நீங்கள்தான். அப்புறம், ஒவ்வொரு சனிக்கிழமையும் தேத்தண்ணியும் றொட்டியும் கொண்டுவந்த அம்மாமாரே, நீங்கள் வராவிட்டால் சிரமதானத்துக்குப் பாதிப் பேரும் நின்றிருக்க மாட்டார்கள்.

சரி, இன்னும் மிச்சம் இருக்கிறது. கிழக்குப் பக்க யன்னல் நான்கு, கூரைத் தண்ணீரைக் கிணற்றடிக் குழிக்குக் கொண்டுபோகிற பீலி. நமக்கு ஆறில்லை, விழுகிற மழைதான் கிணற்றுக்கு ஊற்று, அதனால் பீலியை இந்தக் கார்த்திகைக்குள் முடிக்கப் பார்க்கிறோம். வரவு செலவுக் கணக்கு அதிபர் அறை வாசலில் ஒட்டியிருக்கிறது, ஆணி வாங்கிய துண்டு வரைக்கும். ஊருக்கு வருகிறவர்கள் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு பழைய மாணவன்