கணினி அறையில் இனி லிப்ரே ஆபீஸ்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்ததும் திறக்காததுமாகக் கணினியைப் பற்றிக் கடிதமா என்று நினைக்க வேண்டாம். போன வருடம் வாட்ஸ்ஆப்பில் உங்களில் பலர் கேட்ட கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன்: "டீச்சர், நீங்க அனுப்பின ஃபைலைத் திறந்தா ஒரே கிறுக்கலா இருக்கே?"

தப்பு உங்கள் மொபைலில் இல்லை. எங்கள் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த எழுத்துரு அது. அது இல்லாத மொபைலில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். இத்தனை வருடம் இதைச் சகித்துக்கொண்டது எங்கள் சோம்பேறித்தனம்.

இன்னொரு நெருக்கடியும் வந்தது. கணினி அறையில் இருப்பது வேர்ட், எக்ஸெல், பவர்பாயின்ட் அடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2016. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவை, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை, மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கும் அதே தேதிதான். அது தனிப் பஞ்சாயத்து, பெற்றோர் கூட்டத்தில் பேசுவோம்.

ஆகவே கோடை விடுமுறையில் நானும் மூன்று ஆசிரியர்களும் உட்கார்ந்து மைக்ரோசாஃப்டின் புதிய ஆபீஸ், நெட் வழியாக இயங்கும் கூகுள் டாக்ஸ், அதே வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் மூன்றையும் சோதித்தோம். எதில் எத்தனை வசதி என்று எண்ணவில்லை. நம் பள்ளியில் தினமும் நடக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தோம்: ஒரு தமிழ் வினாத்தாள், தமிழும் மராத்தியும் கலந்த மதிப்பெண் பட்டியல், பொங்கல் விழா அழைப்பிதழ்.

கூட்டல், சராசரி எல்லாம் மூன்றிலும் ஒன்றுதான். சண்டை வந்தது பட்டியலில் பிள்ளைகளின் பெயர்களை அகரவரிசைப்படுத்தியபோது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு முறையில் 'ச'வுக்கு அடுத்து 'ஜ' இருக்கிறது. கணினி அந்த எண் வரிசையை அப்படியே பின்பற்றினால் ஜெயா நடுவில் வந்து நிற்பாள். லிப்ரே ஆபீஸில் எக்ஸெல் போல உள்ள கால்க்கில் வரிசைப்படுத்தும் இடத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்தால், வள்ளிக்கும் பின்னால் கடைசியில் போகிறாள். நம் பதிவேட்டில் அதுதான் முறை. தமிழாசிரியைக்கு அன்று முகமெல்லாம் சிரிப்பு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். லிப்ரே ஆபீஸில் வேர்ட் போல உள்ள ரைட்டரில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கும் மராத்திக்கும் சேர்த்து இன்னொன்று என்று தனித்தனியாக அமைக்க வேண்டும். இது தெரியாமல் அரை நாள் போனது. வேர்டில் செய்த 'பொருத்துக' அட்டவணை இங்கே திறந்தபோது அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது. அழைப்பிதழ், படக்காட்சி விஷயத்தில் பவர்பாயின்ட்தான் அழகு, மறுக்க மாட்டேன். கூகுள் டாக்ஸில் நான்கு பேர் ஒரே தாளில் ஒரே நேரத்தில் எழுதலாம், தமிழில் பேசினால் அதுவே தட்டச்சு செய்கிறது. ஆனால் மழைக்காலத்தில் நம் கணினி அறையின் நெட் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

காசும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், மெனுவைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அதனால் லிப்ரே ஆபீஸ் என்று முடிவு செய்தோம்.

"மகாராஷ்டிர அரசின் கணினிச் சான்றிதழான எம்எஸ்-சிஐடி வகுப்பில் எக்ஸெல்தானே சொல்லித் தருகிறார்கள், நாளைக்கு வேலைக்கு அதைத்தானே கேட்பார்கள்?" என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமான கவலை. சம், இஃப், விலுக்அப் போன்ற கணக்கு வாய்ப்பாடுகள் எல்லாம் எக்ஸெல், கால்க் இரண்டிலும் அதே பெயரில்தான் இருக்கின்றன. ஒன்றில் கை பழகினால் மற்றதற்கு மாற நாளாகாது. கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடமாக, யாரும் நகலெடுத்துப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளில்தான் படிக்கிறார்கள். இருந்தாலும் பத்தாம் வகுப்புக்காக இரண்டு கணினிகளில் மட்டும் புதிய மைக்ரோசாஃப்ட் ஆபீஸை முறைப்படி வாங்கிப் போடுகிறோம்.

சிலர் கடையில் காசு கொடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 'ஃபுல் வெர்ஷன்' போட்டுக்கொண்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அது திருட்டு நகல். என் வீட்டு லேப்டாப்பிலும் என் அண்ணன் மகன் அப்படி ஒன்றைப் போட்டு, கூடவே வைரஸும் வந்து, குடும்பப் படங்கள் பாதி போயின. அப்புறம் எதற்கு அந்த வம்பு? லிப்ரே ஆபீஸை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம், அதன் உரிமமே அனுமதிக்கிறது.

இனி வீட்டுக்கு வரும் சுற்றறிக்கை, வினாத்தாள் எல்லாம் யூனிகோடில் அடித்து பிடிஎஃப்பாக வரும். பழைய பாமினி தாள்களை ஒவ்வொன்றாக மாற்றுகிறோம். தீபாவளி வரை ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கணினி இருப்பவர்கள் லிப்ரே ஆபீஸை நகலெடுத்துக்கொள்ள சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் பென்டிரைவோடு கணினி அறைக்கு வாருங்கள். காலி பென்டிரைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
தாராவி, மும்பை